அடுக்கிய துணியை மெஷினில் கையாலேயே நகர்த்தித் தைக்கிற ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங்குக்கு டிசைனைப் பேப்பரில் வரைந்து, துணிமேல் வைத்துத் தைக்கலாமா? பிறகு பேப்பர் முழுதாக வந்துவிடுமா?

தாராளமாகத் தைக்கலாம். காரைக்குடிப் பக்கம் எங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். நான் குவில்ட் தைப்பது அப்பத்தா கட்டிய பழைய கண்டாங்கிச் சேலைகளில். அரக்கும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அந்தத் துணியில் பென்சில் கோடு தெரியாது. சாக் கோடு கை பட்டாலே அழிந்துவிடும். பேப்பர் முழுதாக வருமா என்பது தாளையும் டிசைனையும் பொறுத்தது.

தாள் மெல்லிசாக இருக்கவேண்டும். பரிசுப்பொருள் சுற்றுகிற வெள்ளை டிஷ்யூ பேப்பர் போதும். கலர் தாள் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் விடும். பென்சிலால் வரைந்தால் ஊசி அந்தக் கரியையும் நூலோடு இழுத்துக்கொண்டு போகும், வெளிர் நூல் கறுத்துவிடும். அதனால் கோடே இல்லாமல் செய்யுங்கள்: ஒரு தாளில் டிசைனை வரைந்து, அடியில் நாலைந்து டிஷ்யூத் தாள்களை அடுக்கி, மெஷினில் நூல் கோக்காத ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். எல்லாத் தாளிலும் துளை விழும். ஆரி வேலைக்கு டிரேசிங் பேப்பரில் துளை போடுவார்களே, அதேதான். அவர்கள் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து அதன்மேல் தேய்த்து எடுப்பார்கள். நாம் தாளோடு சேர்த்தே தைக்கிறோம். துளை இருப்பதால் பிறகு கிழிப்பதும் சுலபம்.

டிசைனுக்கு என் முதல் ஓட்டு சிக்குக் கோலத்துக்கு. ஒரே இழையில் முடிகிற கோலமாகப் பார்த்து எடுங்கள். நூலை எங்கும் அறுக்க வேண்டியதில்லை. இழை தன்னைக் குறுக்கே வெட்டிப் போகுமே தவிர, போட்ட கோட்டின் மேலேயே திரும்பி வராது. இதுதான் முக்கியம், இரண்டு முறை தைத்த இடத்தில் தாள் நூலுக்கடியில் மாட்டிக்கொண்டு வரவே வராது. தாளின் ஊடே துணி தெரிவதால், கோலப்புள்ளிகளைக் கண்டாங்கிக் கட்டங்களோடு நேர்பார்த்துக் குண்டூசி குத்திவிடலாம். ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருக்கிற பூவைத் தைக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் அதில் ஒவ்வொரு இதழும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் நூலை அறுத்து முடிச்சுப் போடவேண்டும். படிக்கோலத்தின் நேர்கோடுகளும் இந்த முறையில் கோணிப்போகும்.

மெஷினில் துணியை நகர்த்துகிற பல்லை இறக்கி, துணியை இறுக்கிப் பிடிக்காத டார்னிங் ஃபூட் மாட்டி, ஒரே சீரான வேகத்தில் போங்கள். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் சரியாக இருக்கும். அதைவிடப் பொடித் தையலானால் தாள் நைந்து துணுக்குத் துணுக்காகும். நீளமானால் கிழிக்கும்போது நூல் தூக்கிக்கொள்ளும்.

எடுக்கும்போது இடது கட்டைவிரலால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாளை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுங்கள். வெளிப்பக்கம் பெரிய துண்டாக வந்துவிடும். பொறுமை வேண்டியது உள்ளேதான். புள்ளியைச் சுற்றி இழை வளைகிற இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு நாலு பக்கமும் தையலுக்குள் நிற்கும். அதன் நடுவில் ஊசிமுனையால் கீறி, ட்வீசரால் இரண்டு பக்கமாகப் பிரித்தால் வரும். வராததை ஈர விரலால் நனைத்து உருட்டி எடுங்கள். துவைக்கும்போது போய்விடும் என்று விடாதீர்கள், கூழாகி இழைக்குள் ஒட்டிக்கொள்ளும்.

தாள் ஊசியைச் சீக்கிரம் மழுங்க வைக்கும், அடுத்த வேலைக்குப் புது ஊசி போடுங்கள். கோலத்தைச் சுற்றி வெற்றிடத்தை நிரப்புகிற நெளி தையலுக்குப் பேப்பரே வேண்டாம். அதைக் கைப்போக்கில் தைத்தால்தான் அழகு.