மாடியில் சோலார்: வாடகைக்கா, சொந்தமாகவா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும். ‘கைக்காசே வேண்டாம், 3 கிலோவாட் சோலாரை மாத வாடகைக்குப் போட்டுத் தருகிறோம், 20 வருட ஒப்பந்தம்’ என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா? - வாசகி, மதுரை

பதில்: கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அம்மா. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் தரும். உங்களுக்கு 2 கிலோவாட்டே தாராளம். சொந்தமாகப் போட்டால் மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான சூர்ய கரில் 60,000 ரூபாய் மானியம் உங்கள் கணக்குக்கே வரும்; மீதிக்கு வங்கிக் கடன் உண்டு. வாடகை என்றால், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் போனால் பெரும்பாலும் அவர்கள் பாடு. அந்த ஒரு நிம்மதிதான். வருடாவருடம் வாடகை ஏறுமா? நடுவில் வீட்டை விற்றால் மிச்ச வாடகை யார் தலையில்? மாடியில் தளம் ஒழுகினால் பேனலைக் கழற்றும் கூலி யாருடையது? மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.