மேல் வீட்டுக் கசிவுக்கு வாடகைக்காரர் ஏன் பணம் தர வேண்டும்?

குளியலறைக் கூரையில் மேல் வீட்டிலிருந்து தண்ணீர் கசிகிறது, சரிசெய்யும் செலவில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் சொல்கிறார், இது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையல்ல. ஒரு ரூபாய்கூட நீங்கள் தர வேண்டியதில்லை. இதே கசிவோடு ஏழு மாதம் வாழ்ந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் சென்னையிலோ அதன் புறநகரிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில், பதினோரு மாத ஒப்பந்தத்தில், பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த முன்பணம் அவர் கையில் இருப்பதால்தான் அவர் கேட்கத் துணிகிறார், நீங்களும் தயங்குகிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் ஈவிரக்கமற்றவர்கள் என்று சொல்வதும் என் நோக்கமன்று. என் தந்தையே எங்கள் ஊர் வீட்டின் மாடியில் பல ஆண்டுகள் ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்திருந்தவர். ஓடு மாற்றுவதற்கும் சுண்ணாம்பு அடிப்பதற்கும் அவர்களிடம் அவர் காசு கேட்டதே இல்லை. வாடகைக்காரர்கள் செய்யும் சேதங்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுச் சிலர் வரக்கூடும். அவர்களாக உடைத்ததை அவர்கள்தாம் சரிசெய்து தர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மேல் வீட்டுக் குழாயை நீங்கள் உடைக்கவில்லை.

2021 ஐப்பசியில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரையில், புளிக்கரைசல் நிறத்தில், ஒரு தட்டு அளவுக்குக் கறை தோன்றியது. ஆதம்பாக்கத்தில் நான்கு தளங்கள் கொண்ட பழைய குடியிருப்பின் இரண்டாம் தளம். வாடகை 17,000 ரூபாய், முன்பணம் 1,50,000. உரிமையாளர் வெளியூரில் இருந்தார். தொலைபேசியில் சொன்னபோது, "மழைக்காலம் சார், ஓதம் இருக்கத்தான் செய்யும், வெயில் வந்தால் தானே காய்ந்துவிடும்" என்றார். நானும் நம்பினேன். தை போயிற்று, மாசி போயிற்று, கறை முறம் அளவுக்கு விரிந்தது. ஒரு சொட்டு மழையும் இல்லாத சித்திரை வெயிலில் அந்தக் கூரையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியபோதுதான், மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்கு உறைத்தது.

எங்கள் தெருவில் நெடுங்காலமாகக் குழாய் வேலை செய்துவரும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் செய்த சோதனையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் என் கையில் இருந்த ஒரே ஆதாரம் அதுதான். மேல் வீட்டிலும் வாடகைக் குடும்பமே இருந்தது. இளம் தம்பதியர், மறுக்காமல் கதவைத் திறந்தார்கள். அவர்களுடைய குளியலறையின் தண்ணீர் போகும் துளையைப் பழந்துணியால் இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, அதில் அரைப் புட்டி சொட்டு நீலத்தைக் கலந்தார். மாலை முழுவதும், இரவு முழுவதும் எங்கள் கூரையில் நீலம் தெரியவில்லை. ஓடுகளின் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருளாம். காலையில் துணியை உருவினார். அரை மணி நேரத்துக்குள் எங்கள் கூரையின் நடுவில் ஒரு நீலத் துளி திரண்டு, தொங்கி, வாளிக்குள் விழுந்தது. துளைக்கு அடியில் தளத்துக்குள் பதிந்திருக்கும் குழாயின் இணைப்புத்தான் விட்டுப்போயிருந்தது. அந்தத் துளியை நான் படம் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். ஓடுகளைப் பெயர்த்து, குழாயை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு பூசி மீண்டும் ஓடு பதிக்க 34,500 ரூபாய் ஆகும் என்று அந்தப் பெரியவர் கணக்குச் சொன்னார். மேல் வீட்டு உரிமையாளர், தம் வீட்டில் ஒன்றும் ஒழுகவில்லையே, தாம் ஏன் உடைக்க வேண்டும் என்றார். குடியிருப்புச் சங்கத்தார், சுவரோடு இறங்கும் பொதுக் குழாய் மட்டுமே தங்கள் பொறுப்பு, வீட்டுக்குள் இருப்பது அந்தந்த உரிமையாளருடையது என்றனர். என் உரிமையாளரோ, "நீங்கள்தானே குடியிருக்கிறீர்கள், ஆளுக்குப் பாதி போட்டு முடித்துவிடலாம்" என்றார். மூன்று பேரிடமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தது என் பிழை. எனக்கு உடன்படிக்கை இருந்தது ஒருவரோடு மட்டும்தான். மேல் வீட்டுக்காரரிடமும் சங்கத்திடமும் பேசித் தீர்ப்பது என் உரிமையாளரின் வேலை. நீங்களும் அவர் ஒருவரிடம் மட்டுமே கேளுங்கள்.

இதற்கிடையில் இரவில் மின்சாரம் துண்டிக்கத் தொடங்கியது. கசிந்த நீர் விளக்குக்குச் செல்லும் கம்பிக் குழாய்க்குள் இறங்கி, கசிவு மின்சாரத்தைக் கண்டறிந்து துண்டிக்கும் கருவியை அடிக்கடி விழவைத்தது. கருவி பழுது என்று நினைத்து என் செலவில் 4,200 ரூபாய்க்குப் புதியது மாற்றினேன். இரண்டாம் நாளே அதுவும் விழுந்தது. பழுது கருவியில் இல்லை, ஈரமான கம்பியில் இருந்தது.

2022 மே மாதத்தில் ஒரு நாள், என் தந்தை குளித்து முடித்து வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஏதோ இடிந்த சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால், இரண்டு கை அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்து, அவர் சற்றுமுன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் முக்காலி இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேலே துருவேறிய கம்பிகள் தெரிந்தன. தொடர்ந்து நீர் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, தன்னை மூடியிருக்கும் சிமெண்டை வெளியே தள்ளிவிடுமாம். அன்று அவருக்கு வயது 71. அந்த முக்காலியை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது. உரிமையாளர் மனம் கோணக்கூடாது என்று ஏழு மாதம் வாய்மொழியாகவே கேட்டுக்கொண்டிருந்தேனே என்று அன்று என்னையே நொந்துகொண்டேன்.

அன்றிரவே சட்டத்தைத் தேடிப் படித்தேன். சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்து 2017-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பழைய 1960 சட்டத்தின் இடத்துக்கு வந்தது அது. அதன் அட்டவணையில் பழுதுகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கட்டுமானப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாயின் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பை நீக்குவது, சுவிட்சு, தாழ்ப்பாள், சன்னல் கண்ணாடி போன்ற அன்றாடச் சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. மின் துண்டிப்புக் கருவியும் நம் பக்கம்தான் வருகிறது. ஆனால் கூரை ஒழுகி அந்தக் கருவி விழுந்தால் அது நம் பொறுப்பு என்று நான் ஏற்க மாட்டேன். எது பழுதாயிற்று என்பதோடு, எதனால் பழுதாயிற்று என்பதையும் கேட்க வேண்டும்.

வாடகையை நிறுத்திவிடுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். வாடகை பாக்கி என்ற ஒரே காரணம் போதும், உங்களைக் காலி செய்யச் சொல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், உரிமையாளர் தாம் செய்ய வேண்டிய பழுதை அறிவிப்புக் கொடுத்த பின்னும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் இதை ஏற்கிறது. ஒரு மாதத்தில் வாடகையின் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. மாதிரிச் சட்டம் அப்படியே நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், அந்த அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எப்படியானாலும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காமல் ஒரு ரூபாயையும் கழிக்காதீர்கள். உங்கள் பழுது மேல் வீட்டுக்குள் இருப்பதால், நீங்களே உடைத்துச் செய்துகொள்ளவும் வழியில்லை. ஆகவே கடிதம்தான் உங்கள் வழி.

நான் ஒரு பக்கத்தில் எழுதினேன். கறை முதலில் தோன்றிய நாள், தொலைபேசியில் சொன்ன நாட்கள், நீலத் துளியின் படம், உடைந்த முக்காலியின் படம், பதினைந்து நாள் அவகாசம், அதற்குள் வேலை தொடங்காவிட்டால், 2017 சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனுச் செய்வேன் என்ற ஒரு வரி. கோபச் சொல் ஒன்றும் இல்லை. ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பி, அதே பக்கத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். ஏழு மாதம் அசையாதவர் ஒன்பதாம் நாள் நேரில் வந்தார். மேல் வீட்டு உரிமையாளரோடு அவரே பேசினார். ஜூன் மாதத்தில் வேலை முடிந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கொடுக்கவில்லை. 4,200 ரூபாய் மட்டும் திரும்பி வரவில்லை.

இதோடு தொடர்புள்ள ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023-இல் காலி செய்தபோது, வண்ணம் பூச என்று ஒரு மாத வாடகையையும், குளியலறைக் கூரையில் இருந்த ஓதக் கறைக்கென்று 6,000 ரூபாயையும் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். மேல் வீட்டுக் குழாய் ஒழுகி ஏற்பட்ட கறைக்கு நான் தண்டம் கட்ட வேண்டுமாம்! என் கடிதத்தின் நகலை மீண்டும் அனுப்பிய பிறகு 6,000 வந்தது. 17,000 வரவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன். சட்டத்தின் அட்டவணை வெள்ளையடிப்பதை உரிமையாளர் பக்கம் வைத்திருக்க, சென்னையில் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் அந்த வரி எப்படி நுழைந்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. குடியிருந்து மங்கிய சுவருக்கு மாதந்தோறும் கொடுத்த வாடகையே விலை என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், மனுச் செய்யும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். பிறகு கடிதம் எழுதுங்கள். கூரையில் கம்பி தெரியும் அளவுக்குச் சிமெண்ட் உப்பியோ பெயர்ந்தோ இருந்தால், பதிலுக்காகக் காத்திராமல் அந்தக் குளியலறையைப் பூட்டிவிட்டு, அதற்குச் செல்லும் விளக்கு, வெந்நீர்க் கருவி இரண்டின் இணைப்பையும் மின்பணியாளரைக் கொண்டு இன்றைக்கே துண்டித்துவிடுங்கள்.