பில்டும் ப்ராக்ஸியும்: ஜாவா ப்ராஜெக்ட்டை பில்ட் செய்யும் ஆன்ட் கருவி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆபீசில் இணையம் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகத்தான்; பிரவுசர் நன்றாக ஓடுகிறது. ஆன்ட் பில்ட் மட்டும் ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) டவுன்லோட் ஆகும் இடத்தில் டைம்அவுட் ஆகிறது. ஹெச்டிடிபி_ப்ராக்ஸி என்விரான்மென்ட் வேரியபிளும் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த வேரியபிளை கர்ல் (டவுன்லோட் கருவி) படிக்கும், பிப் (பைத்தான் பேக்கேஜ் கருவி) படிக்கும். ஜாவா படிக்காது. ஆன்ட் ஓடுவதோ ஜாவாவுக்குள். முதலில் "ஆன்ட் -ஆட்டோப்ராக்ஸி" என்று ஓட்டிப் பாருங்கள். ஆன்ட் 1.7 முதல் இருக்கும் வசதி இது. பில்ட் தொடங்கும் முன்பே, சிஸ்டத்தின் ப்ராக்ஸியை எடுத்துக்கொள் என்று ஜாவாவுக்குச் சொல்லிவிடும். விண்டோஸில் அதன் செட்டிங்கையும், லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப்பின் செட்டிங்கையும் எடுக்கும். டெஸ்க்டாப்பே இல்லாத பில்ட் சர்வரில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. அங்கே ஆன்ட்_ஆப்ட்ஸ் வேரியபிளில் ப்ராக்ஸியின் ஹோஸ்டையும் போர்ட்டையும் நாமே கொடுக்க வேண்டும்.

கேள்வி: பில்ட்.எக்ஸ்எம்எல் என்ற ஆன்ட்டின் பில்ட் ஃபைலுக்குள்ளேயே, ப்ராக்ஸியை அமைக்கும் செட்ப்ராக்ஸி டாஸ்க் போட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரே வேலையாக முடிந்துவிடாதா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ப்ராக்ஸி ப்ராஜெக்ட்டைச் சேர்ந்ததில்லை, மெஷின் இருக்கும் இடத்தைச் சேர்ந்தது. அதே பில்டை வீட்டில் ஓட்டினால் இல்லாத ப்ராக்ஸியைத் தேடி நிற்கும். செட்ப்ராக்ஸி அந்த ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் எஞ்சின்) முழுவதற்கும் பொருந்தும் என்பதால், ஐடிஇ (கோட் எழுதும் மென்பொருள்) தன் ஜேவிஎம்முக்குள்ளேயே ஆன்ட்டை ஓட்டினால் ஐடிஇயின் இணைப்பும் மாறிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் செட்ப்ராக்ஸியில் எழுதிய பாஸ்வேர்ட் அப்படியே கிட்டில் (கோட் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) கமிட் ஆகிவிட்டது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் ஹிஸ்டரியில் இருக்குமே! பாஸ்வேர்டையே மாற்றினோம். போட்டே ஆக வேண்டுமென்றால் தனி டார்கெட்டில் (பில்டின் ஒரு படி) போட்டு, ப்ராக்ஸி ஹோஸ்ட் ப்ராப்பர்ட்டி இருந்தால் மட்டும் ஓடும்படி "இஃப்" வையுங்கள். அந்த ப்ராப்பர்ட்டி அவரவர் மெஷினில், கிட்டுக்கு வெளியே உள்ள ஃபைலில் இருக்கட்டும்.

கேள்வி: ஹெச்டிடிபி போகிறது, ஹெச்டிடிபிஎஸ் போகவில்லை.

பதில்: ஜாவாவில் இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ்ட், தனித்தனி போர்ட். போர்ட் கொடுக்காவிட்டால் முதலாவதுக்கு 80, இரண்டாவதுக்கு 443 என்று எடுத்துக்கொள்ளும். ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டாத ஹோஸ்ட்களின் விலக்குப் பட்டியல் மட்டும் இரண்டுக்கும் பொது. அதில் பெயர்களுக்கு நடுவே கமா போடக்கூடாது, செங்குத்துக் கோடு போட வேண்டும்.

கேள்வி: பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் ஹெச்டிடிபிஎஸ்ஸில் 407 (ப்ராக்ஸி லாகின் கேட்கும் பிழை) வருகிறது.

பதில்: உங்கள் ப்ராக்ஸி பேசிக் முறையில் பாஸ்வேர்ட் கேட்கிறதா பாருங்கள். ஜாவா 8 அப்டேட் 111 முதல் ஹெச்டிடிபிஎஸ் டன்னலுக்கு (ப்ராக்ஸி வழியே போகும் ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு) அந்த முறை தடுக்கப்பட்டிருக்கிறது. டன்னலிங் டிசேபிள்டு ஸ்கீம்ஸ் ப்ராப்பர்ட்டியைக் காலியாக வைத்தால் வேலை நடக்கும். ஆனால் பேசிக்கில் பாஸ்வேர்ட் என்கிரிப்ட் ஆகாமல் போகும். அதனால் வேறு முறை உண்டா என்று முதலில் நெட்வொர்க் அட்மினிடம் கேளுங்கள்.

கேள்வி: மேவன், கிரேடில் போன்ற மற்ற பில்ட் கருவிகளில் ப்ராக்ஸியை எங்கே எழுதுவது?

பதில்: மேவனுக்கு ஹோம் ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல், கிரேடிலுக்கு அங்கேயே கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ். இரண்டுமே ப்ராஜெக்ட்டுக்கு வெளியே இருப்பவை.