குளம் உள்ள வீடு, கையில் சின்னப் பிள்ளை

தம்பி, சிட்னியில் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள், மூன்று வயது மகளோடு பயமில்லாமல் குடிபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் வேலியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், கேட்டைப் பாருங்கள்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கென்றே 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குளம் உள்ள தனிவீட்டை வாடகைக்கு விடுபவர், குளம் விதிப்படி இருக்கிறது என்ற சர்டிபிகேட்டின் நகலை ஒப்பந்தத்தோடு தரவேண்டும். ஏஜென்ட் தரவில்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள். அந்த சர்டிபிகேட் 3 வருடத்துக்குச் செல்லும், ஆனால் சோதித்த அன்று எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். அதற்கப்புறம் கீல் துருப்பிடித்திருக்கலாம், மழையில் மண் அரித்து வேலிக்கு அடியில் சந்து விழுந்திருக்கலாம்.

அதனால் நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள். கேட்டை முழுசாகத் திறந்து கையை விடுங்கள், அப்புறம் பாதி திறந்து விடுங்கள், அப்புறம் ஒரு விரல் அளவு மட்டும் திறந்து விடுங்கள்: மூன்று முறையும் யாரும் தள்ளாமல் தானாக வந்து மூடித் தாழ் விழவேண்டும். கேட் குளத்துக்கு வெளிப்பக்கமாகத்தான் திறக்கவேண்டும், குழந்தை சாய்ந்து தள்ளினால் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. தாழ்ப்பாள் வழக்கமாக 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். வேலி குறைந்தது 1.2 மீட்டர், அடியில் இருக்கும் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. 1990க்கு முன் கட்டிய சில குளங்களுக்கு வேறு விதி, வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வேலியே இல்லாமல் கதவு ஜன்னல்களை மட்டும் பிள்ளை திறக்க முடியாதபடி வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் மூன்று வயதுப் பிள்ளையோடு அப்படி வீடு வேண்டாம்.

குடிபோன பிறகு பொறுப்பு உங்களுக்கும் வருகிறது. கேட்டை மூடி வைப்பது அங்கே குடியிருப்பவரின் கடமை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சாமான் தூக்கிப் போக வசதியாக ஒரு கல்லை வைத்துத் திறந்து வைப்பது, விருந்துக்கு வந்தவர்கள் நாற்காலியை வேலியோரம் போடுவது, இதெல்லாம் கூடவே கூடாது. வேலியிலிருந்து 90 செ.மீ.க்குள் பூந்தொட்டி, பெட்டி, பிள்ளை மிதித்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. விளையாடி முடித்ததும் தண்ணீரில் மிதக்கும் பொம்மைகளை எடுத்துவிடுங்கள், பிள்ளையை உள்ளே இழுப்பது அதுதான்.

இன்னொன்று, கோடையில் கடையில் வாங்கிக் காற்றடித்து வைக்கிற குளம். 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் பிடிக்கும் என்றால் அதற்கும் இதே வேலி விதிதான், இது தெரியாமலே நிறையப் பேர் வாங்கிவிடுகிறார்கள்.

வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும், போனைக் கீழே வைத்துவிட்டு. மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமே வராது. நீங்களும் மனைவியும் சிபிஆர் (மூச்சும் இதயமும் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு ஊதிக் கொடுக்கும் முதலுதவி) பழகிக்கொள்ளுங்கள், அவசர எண் 000.

கேட் சரியாக மூடவில்லையென்றால் அன்றைக்கே ஏஜென்டுக்குப் படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். அவர் அசையவில்லையென்றால் உங்கள் பகுதி கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகத்தில்) புகார் கொடுக்கலாம்.