8 அடிக்கு 11 அடி அறையில் பி4 பாதையை (நிஜ ரயிலின் அளவுகளை அப்படியே சுருக்கும் நுணுக்கமான மாதிரி ரயில் தரம்) முழுச் சுற்றாகப் போடலாமா? போட்டுப் பார்த்த வளைவில் மட்டும் என் இன்ஜின் தடம் புரள்வது ஏன்?

போட வேண்டாம். 8 அடி அகலத்தில் சுவரோரம் விட்டதுபோக வளைவின் ஆரம் 3 அடி 8 அங்குலம்தான் தேறும். பி4-இன் 18.83 மி.மீ. தண்டவாள இடைவெளியில் ஆரம் 4 அடிக்குக் கீழே போனாலே தொல்லை.

உங்கள் இன்ஜின் அந்த வளைவில் மட்டும் தடம் புரள்வதற்குக் காரணம், பெரும்பாலும் நடு அச்சுக்குப் பக்கவாட்டில் நகர இடமில்லாததுதான். வழக்கமான 16.5 மி.மீ. மாதிரிப் பாதையில் சக்கர விளிம்பு தடிமன், விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இடமும் தாராளம். அதனால் அங்கே மன்னித்துவிடும். பி4 மன்னிக்காது.

ஆணி அடிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். டெம்ப்ளாட் என்ற பாதை வரையும் மென்பொருளில் அந்த வளைவை முழு அளவில் அச்சிட்டு, பலகையில் ஒட்டி, அதன்மேல் ஒரு கெஜம் தண்டவாளம் போடுங்கள். இருப்பதிலேயே நீளமான இரண்டு பெட்டிகளைத் திருகுக் கொக்கியால் இணைத்து, கையால் பின்னோக்கித் தள்ளுங்கள். கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி, பெட்டி முனைகளில் மோதலைத் தாங்கும் பஃபர்களைப் பாருங்கள். அவற்றின் தலை சிறியதுதான்; ஒன்றின் பின்னால் மற்றொன்று நழுவிச் சிக்கினால், அந்த ஆரம் உதவாது.

நான் என்றால் 11 அடிச் சுவரோரம் ஒரு சின்னக் கிளைப்பாதை முனையம் போட்டு, மறுமுனையில் ரயில்களை மாற்றி நிறுத்த மறைவான யார்டு வைப்பேன். பாதை பிரியும் பாயின்ட் நான்கு போதும். நிதானமாக, அழகாகச் செய்யலாம்.

சுற்றித்தான் ஓட வேண்டுமென்றால் 18.2 மி.மீ. இடைவெளி கொண்ட ஈஎம் என்ற தரத்துக்கு மாறுங்கள்; 3 அடி 8 அங்குலம் அதற்குப் பெரும்பாலும் போதும்.

ஒன்று: குட்டை வேகன்களும் நாலு சக்கர ஷன்டரும் (வண்டிகளை இடம் மாற்றும் சின்ன இன்ஜின்) மட்டும் என்றால் இதே வளைவு பி4-இலும் ஓடும். நீளமான பயணிகள் பெட்டிகளுக்குத்தான் என் எச்சரிக்கை.