சிறார் நீதிமன்றத்தில் இன்டர்ன்ஷிப்: மாணவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் சிறார் நீதிமன்றத்தில் பப்ளிக் டிஃபென்டராகப் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக அரசுச் செலவில் வாதாடுவது எங்கள் வேலை. ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று சட்ட மாணவர்கள் என்னிடம் வந்து சேர்வார்கள். இங்கே படிக்கிற, படிக்க வரப்போகிற தமிழ் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்கிறேன். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். என் கட்சிக்காரப் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத மாட்டேன்.

கேள்வி: அக்கா, பெரியவர்கள் வழக்கு நடத்தும் பிரிவிலும் எனக்கு இடம் கிடைக்கும்போல இருக்கிறது. சிறார் பிரிவுக்கு ஏன் வர வேண்டும்? (சட்டம், முதல் ஆண்டு)

ஜெரால்ட் கால்ட் என்ற பையனின் வழக்கை முதலில் படியுங்கள். 1964, அரிசோனா மாநிலம். அவனுக்கு 15 வயது. பக்கத்தில் குடியிருந்த பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். அம்மா அப்பாவுக்குத் தகவல் சொல்லாமலே பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்காகப் பேச வக்கீல் இல்லை. புகார் கொடுத்த பெண் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கலாம் என்று நீதிபதி உத்தரவு போட்டார். அதே செயலை ஒரு பெரியவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம், இல்லையென்றால் இரண்டு மாதச் சிறை.

1967-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. குற்றச்சாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும், வக்கீல் வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு வேண்டும், வாய் திறக்காமல் இருக்கும் உரிமை பிள்ளைக்கும் உண்டு. இதெல்லாம் அந்தத் தீர்ப்பில் வந்தவை.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்தப் பையனை ஆறு ஆண்டுகள் வரை அடைக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் அவன் நன்மைக்காகவே செய்கிறோம் என்று நம்பினார்கள். அந்த மனப்போக்கு இன்னும் போகவில்லை. நீதிபதி, அரசு வக்கீல், புரொபேஷன் அதிகாரி (நன்னடத்தையைக் கண்காணிப்பவர்), பள்ளிக்கூடம் என்று அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் பிள்ளைக்கு எது நல்லது என்பதில் ஒரு கருத்து இருக்கும். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதையே கடமையாகக் கொண்டவர் அவனுடைய வக்கீல் ஒருவர்தான். நீங்கள் வந்து உட்காரப்போவது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்.

வக்கீல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதைதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பென்சில்வேனியாவின் லூசர்ன் கவுண்டியில் இரண்டு நீதிபதிகள் தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடம் பணம் வாங்கியது 2009-இல் அம்பலமானது. அங்கே ஏராளமான பிள்ளைகள் வக்கீல் இல்லாமலே சில நிமிட விசாரணையில் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள்.

கேள்வி: இன்டர்ன், லா கிளார்க், கிளார்க்ஷிப்... மூன்றும் ஒன்றா?

இல்லை. நீதிபதியிடம் படிப்பு முடிந்தபின் ஓரிரு ஆண்டு வேலை செய்வது கிளார்க்ஷிப். எங்கள் அலுவலகத்தில் கோடையிலோ செமஸ்டரிலோ வேலை செய்யும் சட்ட மாணவரைச் சில இடங்களில் இன்டர்ன் என்பார்கள், சில இடங்களில் லா கிளார்க் என்பார்கள். இளங்கலை மாணவர்கள் பெரும்பாலும் புலனாய்வு இன்டர்னாக வருவார்கள். விளம்பரத்தில் உள்ள பெயரைப் பார்க்காமல் வேலை விவரத்தைப் படியுங்கள்.

கேள்வி: மேடம், உண்மையில் என்ன வேலை கொடுப்பீர்கள்? நகல் எடுப்பதும் ஃபைல் அடுக்குவதும்தான் என்று ஒரு சீனியர் பயமுறுத்தினார்.

அதுவும் கொஞ்சம் இருக்கும். ஆனால் என் மாணவர்கள் முதல் வாரத்தில் அதிக நேரம் செலவிடுவது போலீஸ்காரரின் உடல் கேமரா வீடியோவோடு. அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுருக்கம் எழுதிக் கொடுத்தால் எனக்குப் பயன்படாது. நிமிடம் நொடி போட்டு, யார் எங்கே நின்றார், கதவு திறந்திருந்ததா, பையன் எப்போது 'வீட்டுக்குப் போகலாமா' என்று கேட்டான் என்று குறிக்க வேண்டும்.

அந்தக் கதவு திறந்திருந்ததா என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வட கரோலினா வழக்கைப் பாருங்கள். 13 வயதுப் பையன். வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியின் ஒரு அறையில் கதவை மூடிவைத்து விசாரித்தார்கள். போலீஸ் காவலில் இருப்பவரை விசாரிக்கும் முன் வாய் திறக்காமல் இருக்கும் உரிமையை அவருக்குச் சொல்ல வேண்டும்; அவன் அப்படிக் காவலில் இருந்தானா என்பதை முடிவு செய்யும்போது அவனுடைய வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு பெரியவருக்குத் தோன்றும் இடத்தில் ஏழாம் வகுப்புப் பையனுக்கு அப்படித் தோன்றாது. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி நாற்பது நிமிட வீடியோவில் நாங்கள் யாரும் கவனிக்காத ஒரு வரியைப் பிடித்தாள். துணைத் தலைமையாசிரியர் 'சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பு' என்று சொல்கிறார். எங்கள் மனுவே அந்த வரியின் மேல்தான் நின்றது.

அடுத்தது பள்ளி ஆவணங்கள். சிறப்புக் கல்வித் திட்டத்தில் உள்ள பிள்ளையைப் பத்துப் பள்ளி நாளுக்கு மேல் வெளியேற்ற வேண்டுமென்றால், அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டால் வந்ததா என்று கூடிப் பேச வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை என்பதை ஃபைலைப் புரட்டிய மாணவர்தான் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்.

அப்புறம் சம்பவ இடம், சாட்சிகள். சாட்சியைப் பார்க்க வழக்கு நடத்தும் வக்கீல் தனியாகப் போகக் கூடாது. சாட்சி பிறகு பேச்சை மாற்றினால், முன்பு என்ன சொன்னார் என்று கூண்டில் ஏறிச் சொல்ல இன்னொருவர் வேண்டும். வக்கீல் தன் வழக்கிலேயே சாட்சி ஆக முடியாது. அதனால்தான் இரண்டு பேராகப் போகிறோம். அந்த இரண்டாவது ஆளாக நீங்கள் போனால் உங்கள் குறிப்பு நோட்டு முக்கியமான பொருளாகிவிடும். அன்றைக்கே எழுதுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

கேள்வி: மாணவராக இருக்கும்போதே நீதிமன்றத்தில் பேச முடியுமா?

பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு விதி உண்டு. சில இடங்களில் முதல் ஆண்டு முடிந்தால் போதும், பல இடங்களில் அதைவிடக் கூடுதலாகப் படித்திருக்க வேண்டும். கண்காணிக்கும் வக்கீலும் கட்சிக்காரரின் சம்மதமும் தேவை. பேசப்போகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்திருங்கள்: சிறார் வழக்கில் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) விசாரணை அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 1971-இல் தீர்ப்பு வந்தது. அதனால் பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதி ஒருவரே தீர்மானிக்கிறார், பல சமயம் வழக்கு முடியும்வரை பிள்ளையைக் காவலில் வைக்கலாமா என்று முன்பு விசாரித்த அதே நீதிபதி. முதல் நாள் அந்தக் காவல் விசாரணையில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவர் மனதில் தங்கும்.

கேள்வி: அக்கா, பையன் ஒன்று சொல்கிறான், அவன் அம்மா இன்னொன்று சொல்கிறார். அம்மா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. நான் யார் பக்கம்?

இந்தக் கேள்விக்காகவே இந்த நேரத்தை ஒதுக்கினேன் என்று சொல்லலாம். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையிடம் மட்டும் பேச நமக்குக் கூச்சமாக இருக்கும்.

கட்சிக்காரர் அந்தப் பையன். சம்பளம் யார் கொடுத்தாலும், கூட்டி வந்தது யாராக இருந்தாலும் அவன்தான். அவனுக்கு எது நல்லது என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல வேறொருவரை நியமிக்கும் வழக்கங்கள் உண்டு, அது வேறு பொறுப்பு. நாம் அவன் விரும்புவதைத்தான் வாதாட வேண்டும். சிகிச்சை மையத்துக்குப் போக மாட்டேன், வீட்டுக்குத்தான் போவேன் என்று அவன் சொன்னால், வீட்டுக்கு அனுப்ப நம்மால் முடிந்த வலுவான திட்டத்தைத் தயாரிக்க வேண்டும்: யார் பள்ளியில் கொண்டு விடுவார்கள், மாலையில் யார் வீட்டில் இருப்பார்கள் என்பது வரை. அவன் முடிவு ஆபத்தானது என்று தோன்றினால் அதை அவனிடம் தனியாக, பொறுமையாக, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். நீதிபதியிடம் சொல்லக் கூடாது.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. வக்கீலிடம் பேசியது ரகசியம் என்ற பாதுகாப்பு, மூன்றாவது ஆள் அறையில் இருந்தால் போய்விடக்கூடும். அவரையே சாட்சியாக அழைக்கவும் வாய்ப்பு உண்டு. நான் இப்படித்தான் சொல்வேன்: "அம்மா, உங்களை யாரும் அவனுக்கு எதிராகக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் தனியாகப் பேசுகிறோம். முடிந்ததும் உங்களோடு தனியாக உட்காருகிறேன்." சொன்னபடி உட்காருங்கள். பெற்றவர்களின் பயத்தைக் கேட்க நேரம் ஒதுக்காத வக்கீலை அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பாத வீட்டுக்குப் பையனை அனுப்பத் திட்டம் போட முடியாது.

கேள்வி: எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கிறேன். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால் அனுமதி தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் பேச்சைக் கேட்டு ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். வழக்கமாக ஓர் ஆண்டு முழுநேரம் படித்த பிறகு சி.பி.டி. அனுமதி (படிப்பின் பகுதியாக வேலை செய்ய எஃப்-1 மாணவர்களுக்குத் தருவது) பெறலாம், அது முதல் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மத்திய அரசின் வொர்க்-ஸ்டடி உதவித்தொகை (படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவர்களுக்கானது) உங்களுக்குக் கிடைக்காது. பொதுநல வேலைக்குக் கல்லூரியே தரும் கோடை நிதிக்கு விண்ணப்பியுங்கள், அதன் கடைசித் தேதி சில சமயம் வேலை உறுதியாகும் முன்பே வந்துவிடும்.

கேள்வி: நான் உளவியல் இளங்கலை. எனக்கு இடம் உண்டா?

உண்டு. வாஷிங்டன் டி.சி.யின் பப்ளிக் டிஃபென்டர் சர்வீஸ் இளங்கலை மாணவர்களைப் புலனாய்வு இன்டர்னாக எடுத்துக்கொள்கிறது. சமூகப் பணி மாணவர்களுக்கும் பல அலுவலகங்களில் இடம் இருக்கிறது.

கேள்வி: விண்ணப்பக் கடிதத்தில் எதைப் பார்ப்பீர்கள்? நேர்காணலில் என்ன கேட்பீர்கள்?

'குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் சிறு வயதுக் கனவு' என்று தொடங்கும் கடிதங்கள் நிறைய வரும். எழுதியவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் 16 வயதுப் பையன் தன்னைக் காப்பாற்ற ஆள் கேட்பதில்லை, தன் பேச்சைக் கேட்கிற ஆளைத் தேடுகிறான். நீங்கள் யாரிடமாவது பொறுமையாகக் கேட்டு, உங்கள் கருத்தை ஒதுக்கிவைத்து, அவர்கள் விரும்பியதைச் செய்து கொடுத்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். டியூஷன் எடுத்தது, தாத்தாவுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்தது, எதுவானாலும் சரி.

நேர்காணலில், "பையன் தான் செய்ததாக உங்களிடம் ஒப்புக்கொள்கிறான், ஆனால் வழக்கை நடத்தச் சொல்கிறான். என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். நிரூபிக்க வேண்டியது அரசு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் சிறாருக்கும் உண்டு என்று 1970-இலேயே முடிவாகிவிட்டது. இதைச் சொல்லத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும். தயங்கினாலும் யோசித்துப் பேசுகிறவர்களை எடுத்திருக்கிறேன், வருந்தியதில்லை.

கேள்வி: போன கோடையில் வேலை பார்த்தேன். கடைசி வாரத்தில், நான் தினமும் போய்ப் பார்த்த பையனை வெளியூர்ச் சிறார் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை. திரும்ப விண்ணப்பிக்கலாமா?

தம்பி, ஆறாமல் இருப்பதில் தப்பில்லை. எனக்கும் சில முகங்கள் அப்படியே இருக்கின்றன. நீங்கள் போய்ப் பார்த்த நாட்கள் வீணாகவில்லை. அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த குறிப்புகள் ஃபைலில் இருக்கும், பல மாநிலங்களில் அந்த உத்தரவை அவ்வப்போது மறுபரிசீலனை செய்வார்கள், அப்போது வக்கீல் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார். அவரிடம் கேட்டு, அலுவலகம் வழியாக ஒரு கடிதம் எழுத முடியுமா என்று பாருங்கள். சொந்த போன் நம்பர் மட்டும் கொடுக்க வேண்டாம். நீங்கள் ஊர் போய்விட்டால் எடுக்க முடியாத அழைப்பு அவனுக்கு இன்னொரு ஏமாற்றம்.

விண்ணப்பியுங்கள். இந்த முறை சேரும் முதல் நாளே பிள்ளைகளிடம் எந்தத் தேதியில் கிளம்புவீர்கள் என்று சொல்லிவிடுங்கள், ஒரு வாரம் இருக்கும்போது மறுபடியும் நினைவுபடுத்துங்கள். உங்களுக்குப் பின் வருபவரைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.