கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம்?

*அக்கா, நாங்கள் வீட்டில் நான்கு பேர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பலமுறை கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம். டிசம்பரில் ஹவாயின் பெரிய தீவுக்குப் போகிறோம். அங்கே எரிமலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹலாப்பே கடற்கரையில் இரண்டு இரவு தங்க ஆசை. கடை, குளியலறை எதுவும் கிடையாது என்கிறார்கள். கூடாரம் தவிர வேறு என்ன எடுத்துப்போக வேண்டும்?*
– வாசகி, ஈசூன்

தண்ணீர். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். பசித்தால் லகூன் உணவு நிலையத்தில் சாத்தே கிடைக்கும். அந்தப் பழக்கத்தை வைத்து ஹலாப்பேயை எடைபோடாதீர்கள். ஹிலினா பாலி மலைவிளிம்பிலிருந்து கடல்வரை ஏறத்தாழ 700 மீட்டர் இறங்க வேண்டும். ஒருவழிக்கே சுமார் 13 கிலோமீட்டர் நடை. நம் புக்கிட் தீமா 164 மீட்டர்தான். நான்கு புக்கிட் தீமாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறங்கி, திரும்பும் நாளில் அத்தனையையும் வெயிலில் ஏறிவருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிழல் தரும் மரம் கிடையாது. எரிகுழம்பு உறைந்த கறுப்புப் பாறை வெயிலை உறிஞ்சிவைத்துக்கொண்டு கீழிருந்தும் சுடும்.

நானும் என் தம்பியும் 2014 பிப்ரவரியில் போனபோது ஆளுக்கு 4 லிட்டர் சுமந்தோம். கரையைத் தொடும்போது என் பையில் அரை லிட்டர்தான் மிச்சம். ஹலாப்பேயில் கூரைமேல் விழும் மழைநீரைப் பிடித்துவைக்கும் தொட்டி ஒன்று உண்டு. குழிக் கழிப்பறையும் உண்டு. வசதி அவ்வளவுதான். தொட்டித் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. கொதிக்கவைக்க வேண்டும், அல்லது நல்ல வடிகட்டி வேண்டும். மழை பொய்த்தால் தொட்டியும் வற்றும். அங்கே தங்க முன்அனுமதி கட்டாயம். அதை வாங்கும்போதே தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். குறைவு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், பிள்ளைகள் அழுதாலும் சரி.

காலுக்கு, கணுக்கால் மூடிய தடித்த சப்பாத்து. உறைந்த எரிகுழம்பில் இரண்டு வகை உண்டு. முறுக்கிய கயிறுபோல வழவழப்பானதை பாஹோயிஹோயி என்பார்கள். கரடுமுரடாக உடைந்து கிடப்பது ஆ-ஆ. அதில் கையூன்றி விழுந்தால் கண்ணாடித் துண்டில் விழுந்த மாதிரிதான். ஒரு ஜோடி கையுறையும் வையுங்கள்.

கடற்கரை மணலில் சாதாரணக் கூடார முளை நிற்காது, காற்றடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நான்கைந்து துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். என் கூடாரம் இரண்டு இரவும் அசையவில்லை.

டிசம்பருக்குள் ஒரு மாதம், முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி உங்கள் புளோக் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். நால்வரும்.

*எரிமலைத் தீவில் உறங்குவது ஆபத்தில்லையா? திடீரென்று வெடித்துவிட்டால் எங்கே ஓடுவது?*
– வாசகர், செங்காங்

ஹவாயின் எரிகுழம்பு பெரும்பாலும் மெதுவாக ஓடுவது. அபாயம் தெரிந்தால் பூங்காவினர் பாதையை மூடிவிடுவார்கள். கரையில் படுப்பவர் முதலில் அஞ்ச வேண்டியது கடலுக்கு.

1975 நவம்பர் 29. அதே ஹலாப்பேயில் 32 பேர் தங்கியிருந்தார்கள். அதிகாலை மூன்றரை மணிவாக்கில் நிலம் அதிர்ந்தது. பின்னால் செங்குத்தாக நிற்கும் மலையிலிருந்து பாறைகள் உருண்டன. பயந்துபோன சிலர் படுக்கையைத் தூக்கிக்கொண்டு மலையைவிட்டு விலகி, கடலோரத் தென்னைகளுக்கு அருகே போனார்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல் கழித்து, ரிக்டர் 7-க்கும் மேற்பட்ட பெரிய நிலநடுக்கம். தரையே சுமார் மூன்றரை மீட்டர் கீழே இறங்கிவிட்டது, கடல் உள்ளே வந்துவிட்டது. மலைப்பக்கம் ஓடியவர்களை மேலிருந்து பாறை மறித்தது, பின்னாலிருந்து அலை துரத்தியது. இரண்டாவது அலை முதலாவதைவிடப் பெரியது. இரண்டு பேர் இறந்தார்கள். கரையோரத் தென்னந்தோப்பு கடலுக்குள் போயிற்று.

நமக்குப் பக்கத்தில் நடந்ததும் உண்டு. 2018 டிசம்பர் 22 இரவு, சுந்தா நீரிணையில் அனாக் கிரக்கத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. 338 மீட்டர் உயர மலை 110 மீட்டராகக் குறைந்தது. ஜாவாவிலும் சுமத்ராவிலும் கரையோரம் இருந்த 400-க்கும் மேற்பட்டவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கும் பெரிய நிலநடுக்கம்கூட முன்னால் வரவில்லை.

ஆகவே, மலையடிவாரத்திலும் படுக்காதீர்கள், அலையோரத்திலும் படுக்காதீர்கள். நிலம் பலமாக அதிர்ந்தால் சங்கொலிக்கோ கைப்பேசிச் செய்திக்கோ காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். பையை எடுக்க வேண்டாம். ஒரு அலை வந்து போனதும் இறங்கிவிடாதீர்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மாலை, மணலில் அழகான இடமாகப் பார்த்துக் கூடாரம் போட்டோம். எல்லாரும் செய்வதுபோல வாசலைக் கடலைப் பார்த்து வைத்தோம். இருட்டிய பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. தம்பியை எழுப்பி, கைவிளக்கோடு மேட்டுவழியில் நடந்து பார்த்தேன். மேலே போய்ச் சேர நான்கு நிமிடம் ஆனது. நிலநடுக்கம் ஓய்ந்த மறுநொடியே கடல் ஏறினால் நான்கு நிமிடம் யார் தருவார்கள்? “விடிந்ததும் பார்த்துக்கலாம்க்கா” என்றான். நான் விடவில்லை. இரவு பத்து மணிக்கு, புதைத்த மணல்பைகளைத் தோண்டி எடுத்து, அனுமதித்த பகுதிக்குள்ளேயே உயரமாக இருந்த இடத்துக்கு மாறினோம். இம்முறை வாசலை மேட்டுவழியைப் பார்த்து வைத்தோம். பாதித் தூக்கத்தில் எழுகிறவர் வாசல் காட்டும் திசையில்தான் ஓடுவார். தம்பி அன்றிரவு என்னோடு பேசவில்லை. காலையில் அவனே அந்த வழியில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வந்தான்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கரையில் அழுங்காமைகள் முட்டையிட வருகின்றன. நம் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் வருகிற அதே இனம். வெள்ளை விளக்கு அவற்றைத் திசைமாற்றிவிடும், சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*எனக்கு ஆஸ்துமா உண்டு. புகைமூட்டக் காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் மீதமிருக்கிறது. எரிமலைப் புகைக்கு அது போதுமா?*
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

போதாது. அது தூசியைத் தடுக்கும், கந்தக டைஆக்சைடு வாயுவைத் தடுக்காது. அந்தப் பூங்காவின் கீலவேயா எரிமலையிலிருந்து வருவதில் இரண்டும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். அங்கே போனதும் பூங்காவின் காற்றுத்தர அறிவிப்பைப் பார்த்துவிட்டே கீழே இறங்குங்கள். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், முதுகுப்பையில் வேண்டாம்.

*சமையலுக்கு என்ன செய்வது? கேஸ் அடுப்பை விமானத்தில் கொண்டுபோகலாமா?*
– வாசகர், பொங்கோல்

கேஸ் குப்பியை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. அங்கே போய் வாங்குங்கள். அடுப்பைத் துடைத்து, எரிபொருள் வாடையே இல்லாமல் காயவைத்துக் கொண்டுபோங்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் விறகுத் தீ மூட்டத் தடை.

நாங்கள் முதல் நாளைப் புளிசோற்றில் ஓட்டினோம். அப்புறம் அவல், நிலக்கடலை, இட்லிப்பொடி தூவிய சப்பாத்தி. உப்பு கூடுதலாக வையுங்கள், வியர்வையில் அவ்வளவு போகும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி மூன்றையும் சிங்கப்பூரிலேயே விட்டுவிடுங்கள், அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். திரும்பும்போது ஒரு கைப்பிடி மணலையோ கல்லையோ பையில் போடாதீர்கள். சட்டம் அனுமதிக்காது, அந்த மண்ணின் மக்களும் அதைத் தங்கள் எரிமலைத் தெய்வமான பேலேவுக்குரியதாக மதிக்கிறார்கள்.

*எனக்கு 14 வயது. எரிமலைத் தீவுக்கெல்லாம் இப்போது போக முடியாது. சிங்கப்பூரில் எங்கே பழகலாம்?*
– மாணவர், தெம்பனிஸ்

தம்பி, அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு சாங்கி பாயிண்ட்டில் படகேறு. புலாவ் உபினில் ஜெலுத்தோங், மாமாம் என்று இரண்டு முகாமிடங்கள் உண்டு. குழாய்த் தண்ணீர் இல்லாத தீவு, ஆகவே குடிக்கிற தண்ணீர் முழுவதையும் நீயே சுமக்க வேண்டும். எவ்வளவு தீர்ந்தது என்று குறித்துவை. சாப்பாட்டை வெளியே வைக்காதே, காட்டுப்பன்றி வரும்.

எரிமலை இல்லையே என்று குறைப்படாதே. உபினின் கருங்கல்லும் உருகிய குழம்பாக இருந்ததுதான். பூமிக்கடியில் மெல்ல மெல்ல ஆறியதால் அதில் பளபளக்கும் மணிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்தன. கடலில் விழுந்த எரிகுழம்போ நொடியில் ஆறி, கண்ணாடியாகச் சிதறிக் கறுப்பு மணலாகிவிடும். பழைய கல்லுடைப்புக் குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார், பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடு.

இரவில் ஒருமுறை எழுந்து, கூடாரத்திலிருந்து மேட்டுக்கு எத்தனை நிமிடம் என்று நடந்து பார். வாசலை எந்தப் பக்கம் வைத்தாய் என்று எனக்கு எழுது.